பந்தக்காலில் மாட்டிய வின்ச்சு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது தூங்குவதற்காகவே ஏற்பட்ட நாள். மற்ற நாட்களில் விடியும் முன்பே அப்பா ஜீப்பை எடுத்துவிடுவார். கம்பத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, கேரளாவில் இருக்கும் எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, பொழுது சாயத் திரும்ப அழைத்து வருவார். அந்தப் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. முன் சீட்டில் உட்காரும் உரிமை அவளுக்குக் கிடையாது. டிரைவர் பெண்டாட்டிக்குச் சலுகை என்று ஆகிவிட்டால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? பின்பக்கத்தில் எல்லோரோடும் நசுங்கிக்கொண்டுதான் போவாள்.

மழைக்காலத்தில்தான் இந்தச் சமத்துவம் வம்பாகும். தார் ரோடு முடிந்து எஸ்டேட்டுக்குள் திரும்பினால் சகதி. ஜீப் புதைந்துவிட்டால் டிரைவர் தவிர எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். காய்ச்சல்காரியும் இறங்குவாள், கைப்பிள்ளையை வீட்டில் விட்டு வந்தவளும் இறங்குவாள். அந்த வருடம் அம்மாவுக்கு அடிவயிற்றில் ஏதோ நோவு. பாரம் தூக்கக் கூடாது, வண்டி கிண்டி தள்ளவே கூடாது, தள்ளினால் ஆபரேஷன்தான் என்று தேனியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. போனால் தள்ளாமல் இருக்க முடியாது. வைகாசி பாதி கழிந்திருந்தது. மழை மலைக்கு அந்தப் பக்கம்வரை வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

“நீ பாட்டுக்கு உள்ளயே உக்காந்துக்கயேன்” என்றார் அப்பா.

“அவளுக தள்ள, நான் மகாராணியாட்டம் உக்காந்திருக்கவா? மறுநா எவ ஏறுவா உங்க வண்டில?” என்றாள் அம்மா.

வழி கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கட்டப்பனைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு வேலை. அங்கே காசுள்ளவர்கள் வேண்டுமென்றே ஜீப்பைச் சேற்றில் இறக்கிப் பந்தயம் விடுவார்களாம். சகதியில் மாட்டிக்கொள்ளக் கைக்காசைச் செலவழிப்பானா ஒருத்தன் என்று எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. அப்படிப் பந்தயம் விடும் ஒருவர் புதிதாக வாங்கிப் பூட்டிக்கொண்டு, பழைய இரும்பு பம்பரையும் அதற்குள் பொருத்தும் வின்ச்சையும் மாமாவின் தலையில் கட்டிவிட்டார். வின்ச்சு என்பது மோட்டார் வைத்த உருளை. அதில் கம்பி வடம் சுற்றியிருக்கும். வடத்தை இழுத்து எதிரே நிற்கும் மரத்தில் மாட்டிச் சுவிட்சைப் போட்டால் ஜீப் தன்னைத்தானே சகதியிலிருந்து இழுத்துக்கொள்ளும். யாரும் இறங்க வேண்டாம். அம்மாவும் இறங்க வேண்டாம்.

“ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி. காட்டப் போறப்ப மட்டும் கழத்தி வச்சிட்டுப் போங்க மச்சான், வந்து மாட்டிக்கிறலாம்” என்று மாமா சட்டத்துக்கும் ஒரு வழி சொல்லிவிட்டார்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையின் தூக்கம் போயிற்று. ஜீப்பில் ஏற்கெனவே இருந்த பம்பர் லேசில் விடவில்லை. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊற வைத்து, ஸ்பேனரில் பைப்பைச் செருகி, அப்பாவும் மாமாவும் அதில் தொங்கினார்கள். ஒரு போல்ட்டின் தலை முறிந்து மாமாவின் புறங்கை கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் கிரைண்டரை வைத்து அறுத்தார்கள். மாமா கொண்டுவந்த பம்பர் வேறு ஏதோ ஜீப்புக்குச் செய்தது. அதன் ஓட்டைகள் ஒரு பக்கம் என்றால் சேஸிஸின் ஓட்டைகள் இன்னொரு பக்கம். டிரில் போட்டார்கள். ஜாக்கியில் தூக்கினார்கள், பொருந்தவில்லை, இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். வண்டி நகர்ந்துவிடாமலிருக்க அப்பா எல்லாச் சக்கரத்துக்கும் கல் கொடுத்து, கியரிலும் போட்டு நிறுத்தியிருந்தார். பாட்டரியிலிருந்து தடித்த வயர்கள் வின்ச்சுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அத்தனை இரும்பின் பாரத்தில் முன்பக்கம் அமுங்கி, ஜீப் தொட்டித் தண்ணீருக்குக் குனிந்த மாடு மாதிரி நின்றது. அப்பா இடையிடையே அந்த பம்பர்மேலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

“அம்புட்டுத்தான் மச்சான். வடத்த ஒருக்கா பாரம் குடுத்து இறுக்கிச் சுத்திட்டா முடிஞ்சுச்சு” என்றார் மாமா. தொளதொளவென்று சுற்றியிருந்தால் இழுக்கும்போது சிக்கிக்கொள்ளுமாம். வடத்தை முழுக்க இழுத்து எதிலாவது மாட்டி, ஜீப்பையே பாரமாக வைத்து, அது மெல்ல முன்னே நகர நகரச் சுற்ற வேண்டும்.

வீட்டுக்கு எதிரே இருந்தது பெரியப்பாவின் திராட்சைத் தோட்டம். பாகம் பிரித்ததில் அப்பாவுக்கு வீடும் அவருக்குத் தோட்டமும் வந்திருந்தன. வரப்பில் அடுத்தவர் ஆடு கால் வைத்தாலே ஊரைக் கூட்டிவிடுகிற மனிதர் அவர். பந்தல் முழுக்கப் பன்னீர்த் திராட்சை கறுத்து, வெட்டுக்குத் தயாராக நின்றது. பந்தலின் கம்பிகளெல்லாம் மூலையில் நிற்கும் கல்லுக்காலில் வந்துதான் முடியும். மாமா வடத்தை நேராக அதில் கொண்டுபோய் மாட்டினார்.

“அது பந்தக்காலு மாப்ள.”

“கல்லு மச்சான். ஆனையவே கட்டலாம்.”

அப்பாவுக்கு வாதாடத் தெம்பில்லை, தலையை ஆட்டிவிட்டார். சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை எடுக்கவோ, கியரை நியூட்ரலுக்குத் தள்ளவோ இருவருக்குமே நினைவில்லை. தூங்க வேண்டிய நாளில் வேலை செய்தால் இப்படித்தான்.

மாமா சுவிட்சை அமுக்கினார். வடம் விறைத்தது. வர வேண்டிய ஜீப் வரவில்லை; வரக் கூடாத கல்லுக்கால் வந்தது. முதலில் மெதுவாகச் சாய்ந்தது. பிறகு கம்பிகள் படபடவென்று தெறிக்க, பந்தலின் ஒரு பக்கம் அப்படியே கொடியும் குலையுமாக மண்ணில் படுத்தது. மாமா அதன் பிறகும் கொஞ்ச நேரம் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

பெரியப்பா தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து ஓடிவந்தார். தலையில் கை வைத்தார். அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. முடிவாக ஒன்று சொன்னார்.

“இந்த எழவக் கழத்தி எங்கிட்டக் குடு. வித்துப் பந்தலப் போட்டுக்கிறேன்.”

அப்பா அண்ணனோடு சண்டை போடுவார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அவர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தார். காலையிலிருந்து முறுக்கி முறுக்கி ஏற்றிய போல்ட்டுகளை, உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தார். வாசலில் நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெரியம்மா வந்தாள். படுத்துக் கிடந்த பந்தலைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஜீப் அருகே வந்து, வின்ச்சைப் பார்த்தாள்.

“இது எதுக்குத் தம்பி?”

“வண்டி பொதைஞ்சா இதே இழுத்துக்கிரும் மதினி” என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல். “இவ தள்ளக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக.”

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள்.

“ஒனக்குமா ஆத்தா?” என்றாள்.

அம்மா ஆமென்று தலையை அசைத்தாள்.

“மாட்டுனத மாட்டுன மாதிரியே இருக்கட்டும். ஸ்பேனரக் கீழ வைங்க தம்பி.”

“அப்ப எம் பந்தலு?” என்று பாய்ந்தார் பெரியப்பா.

“எனக்கு வயித்தக் கிழிச்சு எடுத்தப்ப ஆசுபத்திரி வாசல்ல நின்னு அழுதீகளே, அன்னைக்கு எங்க போச்சு பந்தலு? கல்லுக்காலு சாஞ்சா ஊனிக்கிறலாம். போயி கடப்பாரைய எடுத்தாங்க.”

பெரியப்பா கடப்பாரை எடுக்கப் போனார். சொன்ன பேச்சைக் கேட்டு அவர் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. மாமா, அப்பா, பெரியப்பா மூவருமாகக் கல்லுக்காலை நிமிர்த்தினார்கள். கழற்றிய போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, ஜீப்பை மறுபக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காலை எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடித்தது அதே வின்ச்சுதான்.

பெரியம்மாவும் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள், இப்படி ஒரு ஜீப்பை வருடக்கணக்கில் தள்ளியவள் என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். கருப்பை இறங்கிவிட்டது என்று அவளுக்கு அதை எடுத்தபோது, பிள்ளை ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கோபப்படலாம் என்றால், யார்மீது படுவது?

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. ஆண்கள் கம்பி கட்டிக்கொண்டிருக்க, அம்மாவும் பெரியம்மாவும் விழுந்த கொடிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியம்மாவின் கை அம்மாவின் அடிவயிற்றின் மேல் இருந்தது. இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். இவ்வளவு திராட்சையும் வீணாகிவிட்டதே என்றுதான் அழுகிறார்கள் என்று நினைத்தேன். ஓடியோடி நசுங்காத பழமாகப் பார்த்துப் பொறுக்கி, பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு போய், அழாதீங்க, நெறய நல்லாத்தான் இருக்கு என்று இரண்டு பேர் மடியிலும் சரிபாதியாகக் கொட்டினேன்.