முத்தில்லாத கொலுசு

நேற்று மாலை கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் கம்பால் தன் மேற்கூரையை இடித்தார். புது வேலைக்காக ஜெர்மனி வந்து இந்த அடுக்குமாடியில் குடியேறியிருக்கிறோம்; பெட்டிகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. "ஓடாதீங்க" என்று பிள்ளைகளை அதட்டினேன். அது என் அம்மாவின் குரல்.

தொண்ணூறுகளில் கோவை கணபதியில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து லேத் பட்டறை பகலெல்லாம் அலறும். அது கீழே இருந்த வீட்டுக்காரம்மாவின் காதில் விழாது. என் கொலுசு மட்டும் விழும். "ஏனுங்க அம்மணி, புள்ளைய மெதுவா நடக்கச் சொல்லுங்க, தலை வலிக்குதுங்க" என்பார், சிரித்த முகமாக. அவ்வளவு மரியாதையாகச் சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அம்மா குறடெடுத்துக் கொலுசின் முத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டாள். அப்புறம் வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அதே மரியாதையோடுதான். அம்மா அதற்கும் "சரிங்க" என்றாள்.

பிறகு சொந்த வீடு கட்டியபோது, "இனி ஓடு கண்ணு, இது நம்ம ஊடு" என்றாள். எனக்கு ஓட வரவில்லை.

இன்று காலை என் நான்கு வயது மகள் பல் துலக்கப் போனாள். யாரும் சொல்லாமலே, நுனிக்காலில்.