லாரி வராத வழி

துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் கிரேனை ஓட்டுவது என் வேலை. பதினெட்டு வருஷமாக அதே வேலை, அதற்கு முன்பும் துறைமுகத்தில்தான். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்கடியிலும் கண்ணாடி. குனிந்து குனிந்து கப்பலின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து வலித்து நிமிரும்போது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் உப்பளங்கள்.

மேலிருந்து பார்க்கும்போது உப்பளம் தரை மாதிரியே இருக்காது. பாத்திகளில் தண்ணீர் கட்டியிருக்கும் நாட்களில் வானம் சதுரம் சதுரமாகக் கீழே கிடக்கும். காலையில் வெள்ளியாக இருந்தது சாயங்காலம் செம்பாக மாறும். உப்பு இறுகி வரும்போது சில பாத்திகள் ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். நடுவே கோடு போட்டதுபோல வரப்புகள். அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்தது. முள் நிறைந்த உடைமரக் காட்டின் ஓரத்தில் கிளம்பி, ஒரு இடத்தில் லேசாக வளைந்து, கடலில் போய் முடியும். அதில் லாரி போய் நான் பார்த்ததே கிடையாது.

சுகரும் இடுப்பு வலியும் சேர்ந்து வந்த வருஷம், டாக்டர் என்னைச் சைக்கிள் ஓட்டச் சொன்னார். வாங்கினேன். எங்கள் ஊரில் சைக்கிள் வாங்குவது எளிது, ஓட்ட ரோடு கிடைப்பதுதான் கஷ்டம். துறைமுகச் சாலையில் இரவு பகல் என்றில்லாமல் கண்டெய்னர் லாரிகள். மூன்றாம் நாள் காலை ஒரு லாரி என்னை உரசாமல்தான் போனது, ஆனால் அதன் காற்றே என்னை ரோட்டோர மணலில் தள்ளிவிட்டது. கைகளை ஊன்றி எழுந்தபோது, அதன் மேலிருந்த கண்டெய்னரை முந்தின நாள் நானே இறக்கி வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்றைக்குக் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தடித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பினேன். உடைமரங்களைத் தாண்டியதும் லாரிச் சத்தம், ஹாரன், எல்லாமே யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுபோனது. வரப்பின் மேல் படிந்திருந்த உப்பு டயருக்கடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் மேகம். கொஞ்ச நேரத்தில் நான் போகிறேனா, இல்லை நான் நிற்க, வானம்தான் இரண்டு பக்கமும் பின்னால் நகர்கிறதா என்று தெரியவில்லை. நெடுங்கால் உள்ளான்கள் ஒற்றைக்காலில் நின்றன. சைக்கிளைப் பார்த்து ஒன்றுகூடப் பறக்கவில்லை. எனக்கு வயது ஐம்பத்தொன்று என்பதே அந்தக் கால்மணி நேரம் மறந்திருந்தது.

ஆனால் கடல் வரவில்லை. கீழே இறங்கி வந்துவிட்டால் கோடுகள் எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. ஓலை போர்த்திய உப்பு அம்பாரங்கள் குன்றுகள்போல வழியை மறைத்தன. ஒரு திருப்பத்தில் வரப்பே அறுந்து, குறுக்கே அகலமான ஓடை ஓடியது. அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு உப்பளத்துக் காவலாளி என்னைப் பிடித்துவிட்டார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தலையில் துண்டு.

“அண்ணாச்சி, வாரா வாரம் வாரீய. எங்கதான் போகணும்?”

“கடலுக்கு.”

“அங்கன வழி கிடையாது. ஓடை வெட்டி எத்தன வருசமாச்சு.”

“மேலருந்து பாத்தா வழி தெரியுதே.”

“எந்த மேலருந்து?”

தூரத்தில் தெரிந்த கிரேனைக் காட்டினேன். அவர் கிரேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இங்கன வந்து நின்னு பாத்தாத்தான ஓடை தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். ஒரே மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டவர்கள்போல, சாப்பிட வாங்க, மோட்டாரை நிறுத்து என்ற அளவில் பேசிக்கொள்வோம். அன்றைக்கு நான் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை அவள் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வடக்குப் பாத்திப் பக்கமா போனிய?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மண்ணு வெள்ளையா இருக்குல்லா,” என்றாள். செருப்பைத் தட்டி வைத்துவிட்டு, “அடுத்த வாரம் நானும் வாரேன்,” என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் படிப்பு முடிந்து சும்மா நின்றது. அதைக் கேட்டு வாங்கிக் காற்றடித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். இருபத்திமூன்று வருஷத்தில் அவள் சைக்கிள் ஓட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாத்தான்குளத்தில் பிறந்தவள், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போயிருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு உடைமரங்கள் வரை நான் முன்னால் போனேன். அதன் பிறகு, எப்போது என்று தெரியவில்லை, அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பனி இன்னும் கலையவில்லை. அவளுடைய நீலச் சேலையும் அதன் தலைகீழ் நிழலும் சேர்ந்து பாத்தியில் போயின. எந்த இடத்தில் வரப்பு இளகியிருக்கிறது, எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமலே செய்தாள். ஓடை வரும் திருப்பத்துக்கு முன்னாலேயே நிறுத்தினாள். எதிரே காவலாளி.

“அண்ணாச்சி, இன்னைக்கு வீட்டுலயும் கூட்டிட்டு வந்தாச்சா?” என்று என்னைக் கேட்டுவிட்டு, அவளிடம், “அம்மா, அங்கன வழி இல்ல,” என்றார்.

“தெரியும். நாங்க பழைய மோட்டார் ரூம் பின்னால போய்க்கிடுதோம். பனந்தடி இன்னும் கெடக்கா?”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். “கெடக்கு. அது வெளியாளுக்குத் தெரியாதே. நீங்க எப்படி?”

“ரெண்டு வருசம் இங்கன உப்பு வாரியிருக்கேன்.”

அவள் என்னைப் பார்க்காமலே அதைச் சொன்னாள். காவலாளி சிரித்து, “அப்ப நம்ம ஆளு. பாத்துப் போங்க, தடி வழுக்கும்,” என்று விலகிக்கொண்டார். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். பனிக்குள் எங்கோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

“என்ன சொல்லுத?” என்று கேட்டேன்.

நடந்துகொண்டே சொன்னாள். அவளுக்குப் பதினேழு வயதில் ஊரில் அவள் அப்பாவின் கடை படுத்துவிட்டது. குடும்பமே இங்கே வந்தது. அப்பா பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் போடும் வேலைக்கு, இவளும் அம்மாவும் உப்பு வார. இரண்டு வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பியதும் என் சம்பந்தம் வந்தது. “மாப்பிள்ளைக்கு ஹார்பர்ல வேல. உப்பளத்துல கூலிக்கு நின்ன பிள்ளைன்னு தெரிஞ்சா வேண்டாம்னுருவாங்க, வாயத் தெறக்காதன்னு அப்பா சொன்னாவ. பொறவு சொல்லாமயே பழகிப்போச்சு.”

அவள் முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்ன வட்டத் தழும்புகள் உண்டு. கொசு கடித்துச் சொறிந்தது என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தாள். உப்புத்தண்ணீர் அரித்த புண்கள் அவை. அதைவிட வேறொன்றுதான் என்னை அதிகம் சுட்டது. கல்யாணமான முதல் வாரம், கடலில்லாத சாத்தான்குளத்துப் பெண் கடலையே பார்த்திருக்க மாட்டாள் என்று, ஏதோ நானே வெட்டி வைத்த கடல்போல, கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தேன். அவளும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப முத முதல்ல பாக்குற மாதிரில்லா பாத்த?”

“நீங்க அவ்வளவு ஆசையா காட்டுனீய,” என்றாள். “நான் என்ன செய்ய?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். பெருந்தன்மையாக நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் வரவில்லை.

“எங்கம்மா வேண்டாம்னு சொல்லிருந்தா, நான் அப்ப எதுத்துப் பேசிருக்க மாட்டேன்.”

“தெரியும்,” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

கூரை போன மோட்டார் ரூமின் பின்னால், சிவந்து கிடந்த உமரிச் செடிகளுக்குள் ஒற்றையடித் தடம் இறங்கியது. ஓடையின் இடுங்கிய இடத்தில் பாலமாகப் போட்ட இரண்டு பனந்தடிகள். அவள் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, சைக்கிளைத் தோளுக்குத் தூக்கி, அந்தக் கரைக்குப் போய்விட்டாள். எனக்கு இடுப்பு இடம் கொடுக்கவில்லை. திரும்பி வந்து என் சைக்கிளின் பின்பக்கத்தை அவள் தூக்க, முன்பக்கத்தை நான் பிடித்து, பக்கவாட்டில் நண்டுபோல நடந்து கடந்தோம்.

அந்தக் கரையில் வரப்பு மறுபடி தொடங்கியது. அகலமாக, இரண்டு சைக்கிள் சேர்ந்து போகும் அளவுக்கு. ரோஸ் நிறப் பாத்திகள் இருபுறமும் விரிந்தன. பனி விலகிய இடங்களில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. மிதிக்கிற நினைவே இல்லாமல் கால்கள் தாமாகச் சுற்றின. பக்கவாட்டில் அவள் இருப்பது தெரிந்தது, அது போதுமாயிருந்தது. வரப்பு லேசாக வளைந்தது. சத்தமே போடாமல் முன்னால் கடல் வந்தது. அலை இல்லாத, பால்போன்ற கடல். தூரத்தில் ஒரு வள்ளம், ஆகாயத்திலா தண்ணீரிலா என்று சொல்ல முடியாதபடி நின்றது.

அவள் கணுக்கால் அளவு இறங்கி நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

திரும்பும்போது உடைமுள் குத்தி அவள் சைக்கிள் பஞ்சராகிவிட்டது. அந்தப் பக்கம் கடையும் கிடையாது, ஆளும் கிடையாது. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், மறுத்துவிட்டாள். வெயில் ஏற ஏற இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே நடந்தோம். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். விடியும் முன்பே பாத்தியில் இறங்கினால் தண்ணீர் எப்படி வெதுவெதுப்பாக இருக்கும் என்று, நிலா நாளில் அம்பாரம் எப்படித் தானாக வெளிச்சம் விடும் என்று, வெள்ளையையே பார்த்துப் பார்த்து வீட்டுக்கு வந்தால் அடுப்புத் தீகூட ஊதாவாகத் தெரியும் என்று. எந்தப் பாத்தியில் அவள் அம்மா நின்றாள் என்று கை நீட்டிக் காட்டினாள். நான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன்.

வீடு வந்து சேர வெகுநேரம் ஆனது. பசி. அவள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.