எந்த க்ளான்?

ஸ்காட்லாந்தில் பஸ் நிறுத்தத்தில்கூடக் கேட்பார்கள், "நீங்கள் எந்த க்ளான்?" க்ளான் என்றால் குலம். ஒவ்வொரு க்ளானுக்கும் தனிக் கட்டம் போட்ட கம்பளித் துணி உண்டு. அதற்கு டார்ட்டன் என்று பெயர். மழையைப் பற்றிப் பேசுவதுபோல இதையும் பேசுவார்கள். வந்த புதிதில் அலுவலகத்தில் ஒருவர் தன் க்ளானைச் சொல்லிவிட்டு என்னுடையதைக் கேட்டபோது, பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மரக்காணத்தில் எங்கள் உப்பளத்துக்குக் கூலிக்கு வருபவர் தண்ணீர் கேட்டால், அப்பா முதலில் "என்ன ஆளுங்க?" என்பார். பதிலைப் பொறுத்துச் செம்பில் கொடுப்பதா, கையில் ஊற்றுவதா என்பது முடிவாகும். ஊற்றியவன் நான். என் வீட்டில் அந்தக் கேள்விக்கு இனி இடமில்லை என்று ஊரைவிட்டுக் கிளம்பியபோதே தீர்மானித்திருந்தேன்.

2005 கோடையில் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்காக மரக்காணம் வந்தோம். மாப்பிள்ளை இயன் ஸ்காட்லாந்துக்காரர். முதல் நாளே அண்ணன் ஆரம்பித்தார்.

"ஏம்பா, பையன் என்ன ஆளுங்க?"

"வெள்ளைக்காரங்கண்ணா."

"அது தெரியுது. அதுல என்ன ஆளுங்கன்றேன். நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?"

என்ன கேட்கிறார் என்றார் இயனின் அப்பா டானல்ட். வேறு சொல் அகப்படாமல், "உங்கள் க்ளானைக் கேட்கிறார்" என்று சொல்லிவிட்டேன். டானல்டுக்கு ஒரே குஷி. மருமகளைத் தங்கள் க்ளானில் சேர்த்துக்கொள்ளும் அடையாளமாக ஸ்டெல்லாவின் தோளில் ஊசியால் குத்துவதற்கென்று கொண்டுவந்திருந்த பச்சைக் கட்டத் துணியை விரித்துக் காட்டினார். எந்தக் குடும்பப் பெயருக்கு எந்த க்ளான் என்று காட்டும் கடைப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லையாம். பச்சை பிடித்திருந்ததாம், எடுத்துக்கொண்டாராம். ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன்.

"என்னாது, கடையில புடிச்சத எடுத்துக்கினாரா? அப்ப பொறந்தது எது? கேளு."

"கேக்க மாட்டேன்."

அண்ணி சிரித்தார். "நீங்க கட்டியிருக்கற கைலியும் இதே கட்டந்தாங்க. கூனிமேட்டுல எடுத்தது. அப்ப நீங்களும் அவங்க ஆளுங்கதான்!"

எல்லோரும் சிரித்தோம், அண்ணனைத் தவிர. "பதில் வராம நான் மாதா கோயில் படி ஏற மாட்டேன்" என்றார்.

"என் பொண்ணு கல்யாணத்துல அதுக்குப் பதில் கிடையாதுண்ணா. நீ வரணும்னு எனக்கு ஆசை. ஆனா பதில் கிடையாது."

அண்ணன் வரவில்லை. அண்ணி மட்டும் வந்தார். பூசை முடிந்ததும் டானல்டின் மனைவி ஸ்டெல்லாவின் புடவைத் தோளில் பச்சைத் துணியை ஊசியால் குத்தினார். புகைப்படக்காரர் எங்கள் பக்கம் கைகாட்டி, "பொண்ணு வூட்டுப் பெரியவரு வாங்க சார்!" என்று கூப்பிட்டார். அண்ணன் நிற்கவேண்டிய இடம் அது. தமிழ் தெரியாத டானல்ட், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பாவாடைபோன்ற கில்ட் ஆட நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். நான் திருப்பி அனுப்பவில்லை.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்" என்றார் புகைப்படக்காரர். டானல்டின் தோளைத் தொட்டுக்கொண்டேன், ஆனால் நகரவில்லை. அந்தப் படம் இப்போது ஸ்காட்லாந்தில் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. நீட்டிய என் கைக்குக் கீழே, எங்கள் இருவருக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம்.