எங்கே சாப்பிடலாம் என்று அவரைக் கேட்டால்

இடது காது குளிர் அறையின் கதவில். வலது காதில் கைப்பேசி. உள்ளே விசிறி சுற்றும் ஓசையை ஒரு காது கேட்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று கொழுந்தியாள் விசாரிப்பதை மறு காது கேட்கிறது.

"எத்தனை பேரு?"

"பசங்களோட ஏழு பேரு அத்தான். காலைக்கும் மதியத்துக்கும் நடுவுல, இந்தப் பிரஞ்ச் மாதிரி."

"பாலத்துக்கு அந்தப் பக்கம், பல் டாக்டர் மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு இருக்கே, அங்க போங்க."

"சாப்பாடு நல்லா இருக்குமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பெட்டி நல்லா இருக்கு."

பெட்டி என்றால் குளிர்பதனப் பெட்டி. உணவகங்களின் குளிர் அறை, ஐஸ் இயந்திரம், கேக் வைக்கும் கண்ணாடி அலமாரி ஆகியவற்றைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக இந்தப் பெருநகரத்தின் உணவகங்களுக்குள் பின்வாசல் வழியாகவே போய் வருகிறார். முன்பக்கத்து மேசை விரிப்பு வெள்ளையா நீலமா என்று கேட்டால் விழிப்பார். பின்கட்டில் முட்டைத் தட்டு எந்த அடுக்கில் இருக்கிறது, கதவு ரப்பரில் எத்தனை விரிசல் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார்.

ஆள் ஒல்லி. சமையலறை அலமாரிகளுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்துகளில் நுழைந்து நுழைந்து உடம்பு அதற்கேற்ப வளர்ந்துவிட்டதாக மனைவி சொல்லுகிறாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள்; அளவு சொல்வதில் தவறமாட்டாள். அவரது சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெப்பமானி. யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கேட்கிற சாக்கில் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிடுவார். உள்ளே கை வைத்து, "ரெண்டு டிகிரி கூட இருக்கு, குழம்ப இன்னிக்கே முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்காமலே வந்து உட்காருவார்.

சனிக்கிழமை வந்தால் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கொழுந்தியாள், மேல்மாடிக்காரர், மனைவியின் கடை முதலாளி, மகளின் பழைய டீச்சர் என்று ஆளாளுக்கு அழைப்பார்கள். பத்திரிகைகளிலும் கைப்பேசியிலும் 'நீங்கள் தவறவிடக் கூடாத பத்து இடங்கள்' என்று ஊர்ப்பட்ட பட்டியல்கள் வந்தாலும், கடைசியில் இவரிடம் கேட்டால்தான் அவர்களுக்கு வயிற்றில் இறங்கும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தார். வாடிக்கையாளரின் குறையை வெளியே சொல்வதில்லை. "டாக்டர் நோயாளி கதையை ஊருக்குச் சொல்லுவாரா? அது மாதிரிதான் இதுவும்" என்பார். மோசமான இடத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவர் பதில் ஒன்றே ஒன்று: "அங்க வண்டி நிறுத்த எடம் இருக்காது." வீட்டில் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். கொழுந்தியாளுக்குத் தெரிய மட்டும் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒருமுறை அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தாள்.

போன வருடம் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. அவள் மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறாள்; பையனும் அங்கேயே எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறான். பையனின் அம்மா பரீட்சைத் துறையில் பெரிய அதிகாரி. 'ரிப்பேர்காரர் பொண்ணா?' என்று அந்த அம்மாள் ஒரு தரம் கேட்டதாக எப்படியோ இந்த வீட்டுக்கும் செய்தி வந்து சேர்ந்திருந்தது. இரண்டு குடும்பமும் ஞாயிறு காலை பொதுவான ஓரிடத்தில் சந்திப்பது என்று முடிவாகி, இடத்தைப் பையன் வீட்டார் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்கும் இடம். மூன்று வாரத்துக்கு முன்பே மேசை சொல்லி வைக்க வேண்டும்.

மகள் அந்த இடத்தின் பெயரைச் சொன்னதும் அவர், "அங்க வண்டி நிறுத்த எடம் இருக்காதே" என்றார்.

"டாக்சியில போறோம்பா" என்றாள் மகள், அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு, "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பின்பக்கம் போகாதீங்கப்பா. எனக்காக" என்றாள்.

அவர் தலையாட்டினார். கிளம்பும்போது மனைவி அவரது புதுச் சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

அங்கே போய் உட்கார்ந்து கால் மணி நேரம் எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. பையனின் அப்பா அதிகம் பேசாதவர், சிரித்தே சமாளித்தார். அந்த அம்மாள் கேள்வித்தாள் திருடு போகாமல் எப்படிப் பூட்டி வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதை உண்மையிலேயே ரசித்துக் கேட்டார். அந்த உணவகத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அரைவேக்காட்டு முட்டையை, மேலே மஞ்சள் கிரீம் ஊற்றியதை, ஆறு பேருக்கும் அவளே சொன்னாள்.

அப்போது பழச்சாறு வந்தது. அவர் கண்ணாடித் தம்ளரைப் பார்த்தார். வெளிப்பக்கம் ஒரு சொட்டுக்கூட வியர்க்கவில்லை. பிறகு வெண்ணெய் வந்தது. கிண்ணத்துக்குள் சரிந்து படுத்திருந்தது. பத்து நாளைக்கு முன் இதே இடத்தில்தான் குளிர் அறையின் விசிறி மோட்டார் இழுத்துக்கொண்டிருப்பதாக முதலாளியிடம் சொல்லி, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"கை கழுவிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தார். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று மகள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவர் ஆடுகதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

தலைமைச் சமையல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க!"

இவர் நேரே போய்க் குளிர் அறையைத் திறந்தார். சுவரில் இருந்த வெப்பமானி முள் நான்கு டிகிரி காட்டியது. அந்த முள் ஒரு வருடமாகவே நான்கில்தான் நிற்கிறது. கிரீம் டப்பாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எப்ப நின்னுச்சு?"

"நேத்து சாயங்காலம்" என்றார் சமையல்காரர், குரலைத் தாழ்த்தி. "ஓனர்கிட்ட சொன்னேண்ணே. இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடுன்னாரு. வெளிய பாருங்க, கூட்டத்த."

முதலாளி அதற்குள் வந்துவிட்டார். முன்பக்கத்துக்கான புன்னகை இன்னும் முகத்தில் ஒட்டியிருந்தது. இவர் சுருக்கமாகச் சொன்னார்: "சார், முட்டை, கிரீம், மீன் மூணையும் நிறுத்துங்க. ரொட்டி, பழம், காபி வச்சு ஓட்டலாம். மோட்டாரை இப்பவே நான் மாத்தித் தர்றேன்."

"நீங்க இன்னிக்கு வேலைக்கு வந்தீங்களா, சாப்பிட வந்தீங்களா?"

"சாப்பிடத்தான்."

"அப்ப போய்ச் சாப்பிடுங்க."

அவர் மேசைக்குத் திரும்பியபோது தட்டுகள் வந்திருந்தன. பையனின் அம்மா முள்கரண்டியால் முட்டையைக் கீறிவிட்டு, முதல் வாயை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதச் சாப்பிடாதீங்க."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு ஓங்கியிருந்தது என்று அவருக்கே தெரிந்தது. பக்கத்து மேசை திரும்பியது. அதற்கடுத்த மேசையும். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன்?" என்றாள் அந்த அம்மாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

இருபத்தாறு வருடமாக அவர் சொல்லாத ஒன்றை நின்றபடியே சொன்னார். "குளிர் அறை நேத்து சாயங்காலமே நின்னுபோச்சு. கிரீம், முட்டை எல்லாம் உள்ள வெதுவெதுன்னு இருக்கு. சாப்பிட வேணாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கைய வச்சுப் பாத்தேன்."

அந்த அம்மாள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். அந்த ஓசை அடங்குமுன் பக்கத்து மேசையிலும் ஒரு கரண்டி கீழே இறங்கியது. பிறகு சன்னல் ஓரத்தில். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய கூடம் முழுக்க நாற்காலிகள் இழுபடும் சத்தமாக இருந்தது. முதலாளி வாசல் வரைக்கும் கூடவே வந்து, "இனிமே எங்க எந்தக் கிளைக்கும் நீங்க வர வேணாம்" என்றார். அவருக்கு நாலு கிளை. "சரி சார்" என்றார் இவர்.

ஆறு பேரும் தெருவில் நின்றார்கள். பையனின் அப்பா எங்கோ போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிரிந்தார்கள். வீடு வரும் வழியில் மகள் டாக்சியின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். வந்ததும், "சரியாத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். ஆனா கொஞ்ச நாள் என்கிட்ட அதப் பத்திப் பேசாதீங்க" என்றாள்.

பதினேழு நாள் அந்த வீட்டிலிருந்து தகவல் இல்லை. போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார் என்ற பேச்சு பரவி, வேறு இரண்டு உணவகங்களும் அவரை அழைப்பதை நிறுத்தின. அவர் தினமும் காலையில் கருவிப் பையைத் துடைத்து, சாமான்களை அளவு வாரியாக அடுக்கி வைத்தார். அடுக்கியதையே மறுநாள் மாற்றி அடுக்கினார்.

பதினெட்டாம் நாள் பையனின் அப்பா தனியாக வந்து கதவைத் தட்டினார். கையில் ஒன்றுமில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிலேர்ந்து எங்க வீட்டம்மா எதையும் தொட்டுப் பாக்காம வாயில வைக்கிறதில்ல. ஃப்ரிட்ஜ மூணு தடவ காலி பண்ணிட்டா. எனக்கு நேத்து தயிர் கெடைக்கல." நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "பரீட்சை ஹால்ல காப்பி அடிக்கிறத எழுந்து நின்னு சொல்றவங்கள அவ முப்பது வருஷத்துல ரெண்டு பேரத்தான் பாத்திருக்காளாம். நீங்க மூணாவதாம். அத எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு தெரியாம இத்தன நாளா உக்காந்திருக்கா, சம்பந்தி."

கடைசிச் சொல்லைக் கேட்டு, உள்ளே தேநீர் வைத்துக்கொண்டிருந்த மனைவி அடுப்பைச் சின்னதாக்கினாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பமும் மறுபடி சந்தித்தது. இந்த முறை இடம் அவர் தேர்வு: சலவைக் கடைக்கும் சாவி வெட்டுபவருக்கும் நடுவே எட்டு மேசை போட்ட சின்ன இடம். முன்வாசல் வழியாக அவர் அங்கே நுழைவது அதுவே முதல் தடவை. தள்ள வேண்டிய கதவை இழுத்துக்கொண்டு நின்றார். ஆம்லெட், காளான், சுட்ட ரொட்டி. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அந்த அம்மாள் இரண்டாம் தடவை காபி வாங்கிக்கொண்டாள்.

பரிமாறுகிறவர் மேசையைச் சுத்தம் செய்ய வந்ததும், இவர் பின்கட்டுப் பழக்கத்தில் எழுந்து, தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓரடி வைத்துவிட்டார். மகள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் சுற்றும் பார்த்தார். உட்கார்ந்தார். தட்டை மேசையில் வைத்து, இரண்டு விரலால் மெதுவாக, பரிமாறுகிறவரின் கைப்பக்கம் நகர்த்திவிட்டார்.