பஸ்தியானின் வலது கணுக்கால்

கற்பிட்டிக் கரையில் கரைவலை இழுக்கும் பஸ்தியான் என் அக்கா மெரினாவின் புருஷன். வாய் கொஞ்சம் நீளம். எதையும் பாதி கேட்டுவிட்டு மீதியை அவரே முடித்துக்கொள்வார்.

போன வருஷம் ஈரப் படகில் வழுக்கி வலது கணுக்காலை முறித்துக்கொண்டார். பிளாஸ்டரைக் கழற்றிய டாக்டர், “எலும்பு ஒட்டிட்டு, ஆனா...” என்று தொடங்கும்போதே மனுஷன் வாசலைத் தாண்டிவிட்டார்! மறுநாள், கரையிலிருந்து வலையை இழுக்கும் எங்கள் கயிற்று வரிசையில் வந்து நின்றார். சிமெந்துத் தரையில் ஜோராக நடந்த கால், மணல் சரிவில் பின்பக்கமாக ஏறியதும் மடங்கியது. இடுப்புப் பட்டியால் அதே கயிற்றில் கொழுவியிருந்த நாங்களும் வரிசையாகக் கவிழ்ந்தோம்.

“எலும்போட சேர்ந்து, மூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற நாரும் அறுந்திருக்கு. அதைத்தான் சொல்ல வந்தன்,” என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

“தெப்பத்துல கட்டை சரி, கட்டு அவுந்துபோச்சு. அப்படித்தானே?” என்றார் இவர்.

நாரைத் தைத்தார்கள். பிறகு தலையணைமேல் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. பல் விளக்குவது, தேத்தண்ணீர் குடிப்பது எல்லாம் அப்படித்தான். நான் சிரித்துச் சிரித்தே செத்தேன்.

வலைச் சொந்தக்காரர் யாக்கோபு மட்டும் சிரிக்கவில்லை. “இந்தப் பருவத்து முதல் வலையில கால் மடங்கினா இனிமே கயித்துல இடமில்ல பஸ்தியான். கரையில இருந்து மீன் பொறுக்கு,” என்று சொல்லிவிட்டார். அன்று அத்தான் சாப்பிடவே இல்லை.

பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்துவிட்டுப் போக, பருவத்தின் முதல் வலை கடலில் இறங்கியது. கயிற்றில் அத்தானுக்குப் பின்னால் நான். இழுக்க இழுக்க வலை கனத்தது. மீன்! நல்ல மீன்! எட்டிப் பார்க்கிற ஆசையில் கால் இடறி நான் குப்புற விழுந்தேன். கயிறு வெடுக்கென்று கடல் பக்கம் பாய்ந்தது. அத்தனை பேரும் அலறினார்கள்.

கயிறு நின்றது.

தலையைத் தூக்கினேன். என் மூக்குக்கு நேரே அத்தானின் வலது கால், தையல் தழும்பு வரை மணலில் புதைந்து நின்றது. நரம்பு புடைத்திருந்தது, ஆனால் கால் இம்மியும் மடங்கவில்லை.

“எழும்படா றொமேஷ், மீன் போகுது!” என்று அவர் கத்தினார்.

எனக்கு அப்போது மீனா முக்கியம்? வாய் நிறைய மண்ணோடு யாக்கோபைப் பார்த்துக் கத்தினேன்: “நிக்குது! எங்கட அத்தான்ட கால் நிக்குது!”