நீலப்பருந்தின் குரல்

எங்கள் தெருவில் அத்தானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பருந்துதான். காய்கறிக் கடைக்காரர்கூட, "பருந்து வந்தாச்சு, வழி விடுங்க" என்பார். ஆள் ஒல்லி, முன்வழுக்கை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். வாயைத் திறந்தால் மட்டும் அப்படியொரு குரல். டிவியில் வெளிநாட்டு சூப்பர்ஹீரோ நீலப்பருந்து தமிழில் பேச ஆரம்பித்ததிலிருந்து அந்தக் குரல் இவருடையதுதான். முதலில் தொடர், அப்புறம் படங்கள். நாலாம் வகுப்பு படிக்கிற அவர் மகள், பருந்து தன் அப்பாதான் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள்.

அத்தான் என் அக்காவின் கணவர். அவர் பேசுகிற டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவு என் வேலை. பருந்தின் முகமூடி கண்ணோடு சரி, வாய் வெளியே தெரியும். அது எப்போது திறக்கும், எங்கே மூச்சு இழுக்கும் என்பதெல்லாம் அத்தானுக்கு அத்துப்படி. உதட்டசைவுக்கு வார்த்தை போதாவிட்டால் "நண்பா" என்று ஒன்றைச் சேர்த்து நிரப்பிவிடுவார். நீலப்பருந்து திருடனைக்கூட நண்பா என்று அழைத்த பெருந்தன்மையின் ரகசியம் அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் புதுப் படம் வந்து தொலைத்தது. பழைய கதையைக் கலைத்துப்போட்டு முதலிலிருந்து எடுத்திருந்தார்கள். நீலப்பருந்தில் நீலமே இல்லை, எல்லாம் கறுப்பு. மழை, இருட்டு, ரத்தம். காப்பாற்றப் போன இடத்தில் ஒருவனை அடித்தே கொல்கிறான். முகம் முழுக்க இரும்பு மூடி. ட்ரெய்லரைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. வாயே தெரியாதபோது உதட்டோடு ஒட்டிப் பேசத் தெரிந்த ஆள் எதற்கு? யார் வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகலாமே. அத்தானோ, "வேலை சுலபம் மச்சான், கண்ணை மூடிக்கிட்டே பேசிடலாம்" என்று சிரித்தார்.

டப்பிங் இயக்குநர் அவரைக் குரல் தேர்வுக்கு வரச்சொன்னார். அவரைப் போய்! "குரல் கிணத்துக்குள்ளேருந்து வரணும் சார். அவன் இப்ப நல்லவன் இல்ல" என்றார். அன்றிலிருந்து அத்தான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உறும ஆரம்பித்தார். "ஏங்க, உள்ள நீங்கதானே இருக்கீங்க? வேற எதுவும் புகுந்துடலயே?" என்று அக்கா வெளியே நின்று கேலி செய்தாள். தொண்டை கட்டிக்கொண்டது. எங்கள் தொழிலில் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை உண்டு. மீசை முளைக்கிற வயதில் குரல் உடைந்து ஆண்குரல் வருகிற மாதிரி, இன்னொரு தடவை உடைந்தால் அடிக்குரல் திறந்துகொள்ளுமாம். கரகரப்பு கூடக்கூட அத்தானுக்குச் சந்தோஷம். "திறக்குது மச்சான்" என்பார். எச்சிலில் ரத்தம் வந்ததை அக்காவிடம்கூட அவர் சொல்லவில்லை.

தேர்வன்று முதல் பக்கத்தைப் பேசியதும் இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. இரண்டாம் பக்கத்தில் அத்தானின் வாய் அசைந்தது, என் ஒலிப்பதிவு மீட்டரில் முள் அசையவில்லை. வெறும் காற்று. தண்ணீர் குடித்தார், செருமினார், மறுபடியும் முயன்றார். அதே காற்றுதான் வந்தது.

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "மாசக்கணக்குல பேசவே கூடாது. பேசாம இருந்தா திரும்ப வரலாம். ஒரு தடவை கத்தினீங்கன்னா இருக்கறதும் போயிடும்."

பருந்தின் வசனங்களைப் பெரிய நடிகர் ஒருவர் பேசினார். வசனத்தை மட்டும். அடிபடும்போது முனகுவது, மூச்சிரைப்பது, அலறுவது எல்லாம் எங்கள் பாஷையில் ரியாக்‌ஷன். அதற்கெல்லாம் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்று அவர் காரில் ஏறிப் போய்விட்டார். இயக்குநருக்கு அந்த முதல் பக்கம் ஞாபகம் வந்தது. அத்தானுக்கு ஆள் அனுப்பினார்.

அக்கா வாசலில் குறுக்கே நின்றாள். "வேணாங்க. அவன் யாரோ எவனோ. அவன் கத்தறதுக்கு உங்க தொண்டைதான் கிடைச்சுதா?"

"அவன் யாரோ இல்லடி" என்று அத்தான் காற்றாகச் சொன்னார். "நான்தான்."

அக்கா விலகி வழிவிட்டாள். நான் சொன்னதும் எடுபடவில்லை.

அந்தக் காட்சியில் பருந்தைச் சங்கிலியில் தொங்கவிட்டுத் தீ வைக்கிறார்கள். திரையில் வெறும் இரும்பு மூடி. எங்கே மூச்சு இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்க அதில் எதுவும் இல்லை. அத்தான் தானாகவே இழுத்துக்கொண்டு அலறினார். ஒரே டேக்கில் ஓகே ஆனது. அதோடு சரி. இன்றுவரை அந்தத் தொண்டையிலிருந்து கிசுகிசுப்பு தவிர வேறெதுவும் வரவில்லை.

படம் வெளியானதும் குடும்பத்தோடு போனோம். அத்தானுக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். டைட்டிலில் அவர் பெயர் இல்லை. பருந்து வாய் திறந்ததுமே, "இது அப்பா இல்ல" என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பாதிப் படம்வரை முன்சீட்டை உதைத்துக்கொண்டும் என்னிடம் சிடுசிடுத்துக்கொண்டும் இருந்தாள்.

தீக் காட்சி வந்தது. அலறல் கேட்டதும் தியேட்டர் முழுக்க விசில், கைதட்டல். அவள் மட்டும் விறைத்துப்போய் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா... அப்பா, உங்கள ஏம்ப்பா இப்படிப் பண்றாங்க?"

அத்தான் அவளை இழுத்து அவள் முகத்தைத் தன் மடியில் புதைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவள் காதுகளை இறுகப் பொத்தினார். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் அந்தக் கைகளை அவர் எடுக்கவில்லை.