பதினொன்றரை மணித் தோள்பட்டை

கண்ணாடிக் கடையில் அவருக்கு ‘அளவுக்காரர்’ என்று பேர். மரியாதைக்கு வைத்த பேர் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே, ஒரு வீட்டு ஜன்னலின் உயரத்தையும் இன்னொரு வீட்டு ஜன்னலின் அகலத்தையும் சேர்த்து எழுதி, உலகத்தில் எந்த ஜன்னலுக்கும் பொருந்தாத ஒரு கண்ணாடியை வெகு நேர்த்தியாக வெட்டிக் கொடுத்த மனுஷன். அன்று ஒட்டிய பேர் இருபது வருஷமாக உதிரவில்லை.

ஆனால் கை பொன்னான கை. அதில் யாருக்கும் மறுபேச்சுக் கிடையாது. கண்ணாடி வெட்டுகிற மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டரை வைத்தால் ஒரே இழுப்பு. பாதியில் நிறுத்தக் கூடாது, போன கோட்டிலேயே திரும்பப் போகவும் கூடாது. போனால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். அந்த ஒரே இழுப்பு அவரைப் போல யாருக்கும் வராது. அதனால்தான் முதலாளியம்மா இத்தனை வருஷம் அவரை மேசையில் வைத்திருந்தார். அளவுச் சீட்டை மட்டும் வேறு யாராவது ஒருமுறை சரிபார்ப்பார்கள்.

சின்ன வயதில் அவருக்குக் கண் படபடவென்று அடித்துக்கொள்ளும். வகுப்பு டீச்சர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறான் என்று முடிவு கட்டி, கன்னத்தில் ஒன்று வைத்தார். ஏழு வயதுப் பிள்ளை யாரைப் பார்த்துக் கண்ணடிக்கும், நீங்களே சொல்லுங்கள்! அவமானத்தில் அன்றிலிருந்து அடக்கப் பழகினார். பதினைந்து வயதில் அந்தக் கண்ணடிப்பு, வந்த மாதிரியே சொல்லாமல் போய்விட்டது. அடக்குகிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அப்புறம் கல்யாணம், ஒரு மகள். மனைவிக்குப் பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று எழுதுகிற இருக்கை. மகளுக்கு ஒன்பது வயதானபோது பள்ளிக்கூடத்திலிருந்து புகார்மேல் புகார். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். அவர் பிள்ளையைப் பற்றி வரிசையாகக் கேள்வி கேட்க, ஒவ்வொன்றுக்கும் அளவுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்து, “ஆமா டாக்டர், எனக்கும் அப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, “நீங்களும் ஒரு சீட்டுப் போட்டுக்கங்க” என்றார். பிள்ளைக்குப் பார்க்கப் போய் அப்பனும் மாட்டிக்கொண்ட கதை இது. இரண்டு பேருக்கும் ஏடிஎச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு. நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு மாத்திரை ஆரம்பமானது. காலை எட்டு மணிக்கு ஒன்று, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

முதல் மாதம் அவர் எழுதிய சீட்டில் ஒரு தப்பு இல்லை. பாலிஷ் போடுகிறவன், வாய் ஓயாததால் ‘பட்டாசு’ என்று பேர் வாங்கியவன், “அண்ணே, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே?” என்று கவலையாகக் கேட்டான். அவர் மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டாம் மாதம் வலது தோள்பட்டை ஆரம்பித்தது. யாரோ பின்னாலிருந்து சொடுக்கின மாதிரி காதுவரை துள்ளும், கூடவே தொண்டையில் ஒரு செருமல். அவருக்குத் தெரியாதா இது என்னவென்று? பழைய விருந்தாளி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கட்டர் கையில் இருக்கும்போது ஒருநாள் துள்ளியது. கண்ணாடி போயிற்று. அதே மாதம் இன்னும் இரண்டு போயின.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “இதை டிக்ஸ்னு சொல்லுவோம். உங்களுக்குச் சின்ன வயசுலயே இருந்திருக்கு. சில பேருக்கு மாத்திரையால கூடும், நிறைய பேருக்குக் கூடாது. அது தானா வரும், தானா குறையும். மாத்திரைதான் காரணம்னு இப்பவே முடிவு கட்ட வேண்டாம். மூணு வாரம், எத்தனை மணிக்கு வருதுன்னு எழுதுங்க. மாத்திரை எப்போ, சாப்பாடு எப்போ, அதையும் எழுதுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா கூட்டாதீங்க.”

நோட்டு வாங்கினார், தொலைத்தார். இன்னொன்று வாங்கி, வாங்கியதையே மறந்தார். கடைசியில் தொழிலே கைகொடுத்தது. கண்ணாடியில் அளவு குறிக்கிற மெழுகுப் பென்சில் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கடையில் தோள் துள்ளினால் கழிவறைக்குப் போய் உள்ளங்கையில் மணியும் கோடும் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஜன்னல் கண்ணாடியில், மணி வாரியாக, அந்தக் கோடுகளை ஏற்றுவார். தொலைக்க முடியாத நோட்டு. மாமியார் வந்திருந்தபோது துடைக்கப் போனார். மகள், “பாட்டி, அது அப்பாவோட தோள்பட்டை!” என்று அலறித் தடுத்தாள்.

மூன்றாம் வாரம் மனைவி காப்பித் தம்ளரோடு அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். டிப்போக்காரிக்கு இது தெரியாதா?

“ஏங்க, இங்க வாங்க. எட்டு மணி மாத்திரைங்கிற வண்டி பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்துடுது. அடுத்த வண்டி ஒரு மணிக்குத்தான் கிளம்புது. நடுவுல ஸ்டாண்டு காலி. கோடெல்லாம் அங்கதான் கூட்டம் போட்டு நிக்குது. அதுவும் நீங்க காலையில வெறும் வயித்தோட போற அன்னிக்குத்தான் அதிகம். இந்த ஞாயித்துக்கிழமையைப் பாருங்க…”

அளவுக்காரர் ‘வண்டி’ என்றதிலேயே எங்கோ இறங்கிவிட்டார். “ம்ம்” என்றார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் சொன்னது காதில் ஏறவே இல்லை. அவர் தலைக்குள் பதிந்தது ஒன்றே ஒன்று. மாத்திரைக்கு முன்னால் தோள்பட்டை சும்மா இருந்தது, மாத்திரைக்கு அப்புறம் துள்ளுகிறது.

அந்த வாரம்தான் நாடகப் பயிற்சிக் கூடத்து வேலை வந்தது. ஒரு சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி, ஆள் உயரத்துக்கு ஏழு. கூடத்தின் கூரை ஒரு ஓரத்தில் சரிந்து இறங்குவதால் ஏழாவதுக்கு மட்டும் மேல்பக்கம் சாய்வாக வெட்ட வேண்டும். வந்தது எட்டு. ஒன்றுதான் உபரி.

முதலாளியம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். “போன மாசத்துல மூணு போச்சு. என்ன ஏதுன்னு நான் கேக்கல. இதுல ஒண்ணு போச்சுன்னாலும் மேசையை விட்டு இறங்கிடணும். பாலிஷ் பக்கம் போயிடு. சம்பளத்தைக் குறைக்க மாட்டேன். ஆனா மேசை இல்ல.”

சம்பளம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! வாழ்க்கையில் அவருக்கு உருப்படியாக வந்தது அந்த ஒரு இழுப்புதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் இருப்பது பேர் மட்டும்தான்.

வெட்டுகிற அன்று காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப டப்பாவுக்குள் போட்டார். ஒரு நாள்தானே என்று நினைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை.

ஆறு கண்ணாடி சுத்தமாக வந்தன. தோள் துள்ளாமல் இல்லை, நாலைந்து தடவை துள்ளியது. நல்ல காலம், ஒன்றும் இழுப்பின் நடுவில் வரவில்லை. ஏழாவதுக்குக் காகிதத்தில் சாய்வை வெட்டி மேலே வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பட்டாசு, தன் மச்சான் ஸ்கூட்டரோடு சாக்கடையில் விழுந்த கதையை ஆரம்பித்தான். அளவுக்காரரின் கை காகிதத்தைப் பிடித்திருந்தது, புத்தி ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டது. கட்டரை வைத்தார், இழுத்தார். மயிரிழை பிசகவில்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு நல்ல கோடு போட்டதில்லை.

பட்டாசு அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். கதை நின்றது.

“அண்ணே… கூரை எந்தப் பக்கம் சரியுது?”

காகிதம் புரண்டிருந்தது. சாய்வு மறுபக்கம் போய்விட்டது. சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் திருப்பி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகலாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முதுகில் பூச்சு இருக்கிறது. திருப்பினால் பழுப்புப் பூச்சுதான் தெரியும்.

அவரே முதலாளியம்மா மேசைக்கு நடந்தார். உட்காரவில்லை. மாத்திரை, தோள்பட்டை, பள்ளிக்கூடத்தில் வாங்கிய அறை, ஜன்னல் கோடு, இன்று மாத்திரை போடாதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில், முன்னுக்குப் பின் முரணாகக் கொட்டினார். சொல்லும்போதே தோள் இரண்டு தடவை எகிறியது. வெட்கத்தில் காது சுட்டது.

“மூணு மாசமா?” என்றார் முதலாளியம்மா. “மூணு மாசமா வாயில என்ன, கொழுக்கட்டையா? நான் நீ குடிச்சிட்டு வர்றியோன்னு நினைச்சேன்யா!” கோபத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார். பிறகு கேட்டார், “எத்தனை மணிக்கு உனக்குச் சரியா இருக்கும்?”

யாரும் அவரிடம் இதுவரை கேட்காத கேள்வி. “வீட்ல கேட்டுட்டு வர்றேம்மா” என்றார்.

“கேட்டுட்டு வா. நாளைக்கு ஒரே ஒரு தடவை. அதுவும் போச்சுன்னா நான் சொன்னது சொன்னதுதான்.”

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமையின்மேல் விரலை வைத்தாள். அன்று மாத்திரையை மறந்த நாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கோடு, கோடு, கோடு.

“போடாத அன்னிக்குத்தான் இங்க திருவிழாவே நடந்திருக்கு. அன்னிக்கே சொன்னேன். காது குடுத்தாத்தானே!”

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். எட்டு மணி மாத்திரையை நிறுத்த வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போடட்டும் என்றார் அவர். இரண்டு மாத்திரைக்கும் நடுவில் விழுகிற அந்தப் பள்ளத்துக்கு, மதிய மாத்திரையின் நேரத்தை மாற்றுவதா, நாள் முழுக்க நிற்கிற மாத்திரைக்குப் போவதா என்று ஜன்னலைப் போட்டோ எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வந்தால் பேசலாம். “பதட்டப்பட்டா எந்த நேரத்திலயும் வரும். வந்தா வரட்டும், அடக்காதீங்க. அடக்கினா சேர்ந்து வரும்.”

மறுநாள் ஏழே முக்காலுக்குச் சாப்பிட்டார். எட்டுக்கு மாத்திரை. ஒன்பதரைக்கு மேசைமேல் கடைசிக் கண்ணாடி. பட்டாசை முன்னால் நிற்கவைத்து, “கூரை எந்தப் பக்கம்?” என்று கேட்டார். “வலது பக்கம் சரியுதுண்ணே.” காகிதத்தை வைத்தார். இரண்டாம் தடவையும் கேட்டார். புத்தி அங்கேயே இருந்தது, எந்த ஸ்கூட்டரும் வரவில்லை.

கட்டரை எடுத்தபோது கழுத்தில், தோள் துள்ளுமுன் வருகிற அந்த ஊறல். தும்மல் வருமுன் மூக்கில் ஊறுமே, அப்படி. வழக்கமாக இந்த இடத்தில்தான் பல்லைக் கடித்து விழுங்குவார். முதலாளியம்மா எதிரே, பட்டாசு பக்கத்தில், வாசலில் ஒரு வாடிக்கையாளர் வேறு. முப்பத்தைந்து வருஷமாக ஒளித்து வைத்தது.

அவர் கட்டரைக் கீழே வைத்தார்.

“ஒரு நிமிஷம்மா.”

தோள் துள்ளியது. மறுபடி துள்ளியது. முகம் சுருங்கி, தொண்டை செருமி, மூன்றாம் தடவை காதில் இடிக்கிற மாதிரி ஏறி இறங்கியது. பட்டாசு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதலாளியம்மா திரும்பவில்லை.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா.”

“அப்ப வெட்டு.”

இழுத்தார். ஓரத்தைப் பிடித்து ஒரு அழுத்து. டக்கென்று பிரிந்தது. பட்டாசு சுவரில் கொண்டுபோய் வைத்தான். சாய்வு இருக்க வேண்டிய பக்கம் இருந்தது. அளவுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தார்.

“எங்க போற?” என்றார் முதலாளியம்மா. மேசையில் கிடந்த மெழுகுப் பென்சிலை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். “இங்கயே எழுது. ஒன்பது முப்பத்தஞ்சு, மூணு தடவை. நான் எண்ணிட்டேன்.”